கேவிடேஷன் அரிப்பு டெஸ்ட்: எந்த முறை எதற்கு, எண்களை எப்படி ஒப்பிடுவது

பம்ப் இம்பெல்லருக்கோ டர்பைன் ரன்னருக்கோ புதிதாக ஒரு உலோகத்தையோ கோட்டிங்கையோ தேர்வு செய்ய வேண்டி வந்தால், முதலில் கையில் கிடைப்பது ஏதோ ஒரு ஆய்வுக்கட்டுரையின் அட்டவணைதான். ஒன்றில் கேவிடேஷன் டெஸ்ட்டில் ஸ்டெல்லைட் 6 (கோபால்ட் கலவை) இத்தனை மில்லிகிராம் இழந்தது என்று இருக்கும், வேறொன்றில் 316எல் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) இத்தனை என்று இருக்கும். இரண்டையும் வகுத்துப் பார்த்து 'இது அதைவிடப் பத்து மடங்கு தாங்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடர்த்தி மாதிரி பொருளுக்கென்று இருக்கும் எண் இல்லை இது. பொருள், தண்ணீர், டெஸ்ட் ரிக் (சோதனை நடத்தும் கருவி அமைப்பு) மூன்றும் சேர்ந்து தரும் எண். ரிக் மாறினால் எண் மாறும். சில சமயம் பொருட்களின் வரிசையே மாறிவிடும், அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

கேவிடேஷனில் நடப்பது என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தண்ணீரில் ஓரிடத்தில் அழுத்தம் ஆவி அழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் குமிழ்கள் உண்டாகின்றன, அழுத்தம் ஏறும் இடத்துக்குப் போனதும் நொறுங்குகின்றன. சுவரை ஒட்டி நொறுங்கும்போது அதிர்வலையும் நுண்ணிய நீர்த்தாரையும் சுவரை அறைகின்றன. லார்ட் ரேலி 1917-லேயே குமிழ் நொறுங்குவதற்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஒரு அடி எதையும் பிய்க்காது. லட்சக்கணக்கில் விழும்போது உலோகம் முதலில் இறுகுகிறது, பிறகு களைத்து விரிசல் விட்டு, துணுக்குத் துணுக்காக உதிர்கிறது. அந்த அடி எவ்வளவு பெரியது, எவ்வளவு பரப்பில் விழுகிறது, எத்தனை தடவை விழுகிறது என்பதில்தான் ஒவ்வொரு ஆய்வக முறையும் வேறுபடுகிறது.

அதிகம் பேர் செய்வது ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் ஜி32, அதாவது அல்ட்ராசோனிக் ஹார்ன் (மீயொலியில் அதிரும் உலோகத் தண்டு) முறை. டைட்டானியம் ஹார்னின் நுனியில் 15.9 மி.மீ. விட்டமுள்ள மாதிரியைத் திருகி, 25 டிகிரியில் வைத்திருக்கும் காய்ச்சி வடித்த நீரில் 12 மி.மீ. அளவுக்கு முக்கி, நொடிக்கு 20,000 தடவை அதிர விடுவார்கள். வீச்சு உச்சியிலிருந்து உச்சிக்கு 50 மைக்ரான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால் மாதிரியின் முகம் உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 40,000 மடங்கு. பின்வாங்கும்போது தண்ணீரால் கூடவே வர முடியாமல் அங்கே குமிழ்க் கூட்டம் உண்டாகிறது, திரும்பி வரும்போது நொறுங்குகிறது. விலை குறைவு, மேசை மேலேயே வைக்கலாம், சில மணி நேரத்தில் முடிவு வரும், தண்ணீருக்குப் பதில் வேறு திரவத்தையும் ஊற்றலாம். பொருட்களை வடிகட்ட இதைவிட வசதியான முறை இல்லை.

ஆனால் சின்னச் சின்ன விஷயங்களில் எண் தடுமாறும். புதுத் தண்ணீர் ஊற்றியதும் அசல் மாதிரியைப் போட்டுவிடாதீர்கள். ஒரு டம்மி மாதிரியை மாட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள், கரைந்திருக்கும் காற்று ஒரு நிலைக்கு வரட்டும். காற்று அதிகமாக இருந்தால் குமிழ் மெத்தை போல நொறுங்கும், அரிப்பு குறைவாகக் காட்டும். வெப்பநிலையையும் பிடித்து வைக்க வேண்டும், ஏனென்றால் ஹார்ன் தண்ணீரைத் தானே சூடாக்கிக்கொண்டே போகும். தண்ணீரில் அரிப்பு வேகம் உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் நடுவாக்கில் உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் இறங்கும். ஆகவே 25-இல் ஒரு மாதிரி, 40-இல் ஒரு மாதிரி என்று ஓட்டினால் நீங்கள் ஒப்பிடுவது பொருளை இல்லை, தண்ணீரை. வீச்சை மெஷின் திரையில் தெரியும் சதவீதத்தை நம்பி விடாமல், நுனியில் நேரடியாக அளந்து சரிபாருங்கள்.

இதே முறையில் மாதிரியை ஹார்னில் மாட்டாமல் நுனிக்கு நேர் எதிரே, சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் அசையாமல் வைப்பதும் உண்டு. மரை போட முடியாத பொருள், ரப்பர், உடையக்கூடிய செராமிக், வெல்டிங் போட்ட தகடு எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. முக்கியமானது இடைவெளி. அது கொஞ்சம் மாறினாலும் அரிப்பு நிறைய மாறும், ஹார்ன் நுனியும் கூடவே தேய்ந்துகொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு தடவையும் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். மாதிரியை ஹார்னிலேயே மாட்டும் நேரடி முறையில் எடுத்த எண்ணையும் இதில் எடுத்த எண்ணையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது, இரண்டும் ஜி32 ரிக்கில் வந்தவையாக இருந்தாலும்.

அடுத்தது நீர்த்தாரை முறை, ஏஎஸ்டிஎம் ஜி134. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் லிக்டரோவிச் உருவாக்கிய செல்லிலிருந்து வளர்ந்தது. தண்ணீர் நிரம்பிய சிறு அறைக்குள், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளையுள்ள நாசில் வழியாக உயர் அழுத்தத் தாரையைப் பாய்ச்சுவார்கள். தாரையைச் சுற்றி உண்டாகும் குமிழ்கள் எதிரே இருக்கும் மாதிரியில் போய் நொறுங்கும். இதில் எனக்குப் பிடித்தது, தீவிரத்தை நம் விருப்பப்படி திருப்பலாம் என்பது. கீழ்ப்பக்க அழுத்தத்திலிருந்து ஆவி அழுத்தத்தைக் கழித்து, மேல் கீழ் அழுத்த வித்தியாசத்தால் வகுத்தால் வருவது கேவிடேஷன் எண். அதை மாற்றினால் குமிழ்மேகத்தின் நீளமே மாறும். நாசிலுக்கும் மாதிரிக்கும் உள்ள தூரத்தை முதலில் பல அளவுகளில் வைத்து ஓட்டிப் பார்த்து, அரிப்பு உச்சமாகும் தூரத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் உண்மையான டெஸ்ட்டைத் தொடங்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்த அறிக்கைகளை நான் எடுத்துக்கொள்வதே இல்லை. நாசில் விளிம்பு தேய்ந்தாலும் எல்லாம் மாறிவிடும், அதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, ஓடும் நீரில் செய்பவை: வென்சுரி (நடுவில் குறுகும் குழாய்), கேவிடேஷன் டனல் (நீரை வேகமாகப் பாய்ச்சும் சோதனைக் குழாய்), துளையோ முளையோ உள்ள சுழலும் தட்டு. நிஜ இயந்திரத்துக்கு மிக நெருக்கமானவை இவைதான். பெரிய இடம், பெரிய மோட்டார், நிறையப் பொறுமை தேவை. பிரான்சில் கிரெனோபிளில் இருக்கும் லெஜி ஆய்வகத்தின் டனல் 40 பார் அழுத்தம் வரை போகும், அதாவது நீர் நொடிக்கு சுமார் 90 மீட்டர் வேகத்தில் பாயும். சாதாரணத் தொழிற்சாலையில் இதைக் கட்டி வைக்க முடியாது.

இந்த வேறுபாடு ஏன் முடிவையே மாற்றுகிறது? ஹார்னில் ஒவ்வொரு 50 மைக்ரோநொடிக்கும் சின்னச் சின்னக் குமிழ்கள், ஏறக்குறைய ஒரே அளவில், சளைக்காமல் அடிக்கின்றன. ஓடும் நீரில் அடிகள் குறைவு, ஆனால் அளவு தாறுமாறானது, நடுநடுவே மிகப் பெரிய அடியும் விழும், அதன் தாக்கம் ஆழமாக இறங்கும். தடிமனான உலோகத்துக்கு இதனால் நேரம் மட்டும் மாறலாம். மெல்லிய கோட்டிங்குக்கு அப்படி இல்லை. ஹார்னின் அடி கோட்டிங்குக்குள்ளேயே அடங்கிவிட, பிரமாதமான எண் வரும். அதே கோட்டிங்கை ஓடும் நீரில் வைத்தால் அடி கோட்டிங்கைத் தாண்டி அடிப்பொருளுக்கும் ஒட்டுப்பகுதிக்கும் போய், கோட்டிங் படலமாகவே உரிந்து வரலாம். பாலியூரித்தேன், ரப்பர் போன்றவை அடியின் வேகத்தைப் பொறுத்தே மென்மையாகவோ கடினமாகவோ நடந்துகொள்பவை, உள்ளே சூடும் ஏறும். எனவே கோட்டிங், பாலிமர் இரண்டுக்கும் ஹார்ன் முடிவை மட்டும் வைத்து ஆர்டர் போடாதீர்கள், தாரையிலாவது ஒரு தடவை பாருங்கள்.

சரி, எண்களுக்கு வருவோம். எடை இழப்பை அப்படியே ஒப்பிடக் கூடாது, கன அளவாக மாற்ற வேண்டும். நிக்கலும் அலுமினியமும் ஆளுக்கு 10 மி.கி. இழந்தன என்று வைத்துக்கொள்வோம். நிக்கலின் அடர்த்தி 8.9, ஆகவே போனது 1.12 கன மி.மீ. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, போனது 3.7 கன மி.மீ. 15.9 மி.மீ. விட்டத்துக்குப் பரப்பு 198.6 சதுர மி.மீ. வகுத்தால் சராசரி ஆழம் நிக்கலுக்கு 5.6 மைக்ரான், அலுமினியத்துக்கு 18.6 மைக்ரான். தராசில் சமம், ஆழத்தில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஜி32-வில் விளிம்பு அரிக்காமல் இருந்தாலும் முழு முகப்பரப்பால்தான் வகுக்க வேண்டும். தாரையில் அரிப்பு பெரும்பாலும் வளையமாக விழும், அங்கே சராசரி ஆழம் ஏமாற்றும். கன அளவைச் சொல்லி, அதிகபட்ச ஆழத்தைத் தனியாக அளந்து சொல்லுங்கள். எடை போடும் முன் மாதிரியை நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும், தராசு 0.1 மி.கி. வரை காட்ட வேண்டும். துளையுள்ள தெளிப்புக் கோட்டிங்கும் நைலானும் தண்ணீரைக் குடித்து எடை ஏறும், அதற்கும் ஒரு ஒப்பு மாதிரியைச் சும்மா தண்ணீரில் ஊறப் போடுங்கள்.

இன்னொன்று, 'இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு போனது' என்று கேட்பதே தப்பு. நேரம் போகப் போக இழப்பு எப்படி ஏறுகிறது என்று வரையும் அரிப்புக் கோடு நேர்கோடு இல்லை. முதலில் எடையே குறையாத அடைகாக்கும் கட்டம், அப்புறம் வேகம் ஏறி உச்சம், பிறகு இறக்கம். இரண்டு மணி நேரத்தில் ஒரு பொருள் அடைகாத்துக்கொண்டே இருக்கலாம், இன்னொன்று உச்சத்தைத் தாண்டியிருக்கலாம். உச்ச வேகம் தெளிவாகத் தெரியும் வரை ஓட்டுங்கள். அந்த நேர்கோட்டுப் பகுதியைப் பின்னோக்கி நீட்டி நேர அச்சைத் தொடும் இடத்தை அடைகாக்கும் காலமாக எடுங்கள். 50 மைக்ரான், 100 மைக்ரான் சராசரி ஆழத்தை எட்ட எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறியுங்கள். ரிப்பேருக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்கும் ஆட்களுக்கு இதுதான் உதவும்.

வெவ்வேறு ரிக்குகளை ஒப்பிட ஒரே நேர்மையான வழி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒப்புப் பொருளை ஓட்டுவது. ஜி32 நிக்கல் 200-ஐ (கிட்டத்தட்டத் தூய நிக்கல்) சொல்கிறது. நிக்கலின் உச்ச வேகத்தை உங்கள் பொருளின் உச்ச வேகத்தால் வகுத்தால் வரும் விகிதத்தைத்தான் அடுத்தவருடைய விகிதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும், மில்லிகிராமை இல்லை. போலந்தில் க்டான்ஸ்க் நகரத்து ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைத்த சர்வதேச கேவிடேஷன் அரிப்புச் சோதனைத் திட்டத்திலும் இதே கவலைதான். ஆர்ம்கோ இரும்பு (கிட்டத்தட்டத் தூய இரும்பு), கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பித்தளை, அலுமினியக் கலவை, பாலிஅமைடு (நைலான் வகை) என்று ஒரே பொருட்களைப் பல நாட்டு ரிக்குகளில் ஓட்ட வைத்தார்கள்.

இமயமலை நதிகளில் டர்பைன் ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே தண்ணீரோடு குவார்ட்ஸ் மணலும் வருகிறது, மேலே சொன்ன எல்லா முறைகளும் சுத்தமான நீருக்கானவை. மணலுக்கு அற்புதமாக நிற்கும் டங்ஸ்டன் கார்பைட் கோட்டிங் கேவிடேஷனில் உதிரலாம், மறுபுறமும் நடக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, பிளேடின் எந்தப் பகுதியில் எது அதிகம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது இவற்றை எழுதிக் கேளுங்கள்: நேரடியா எதிரே வைத்ததா, வீச்சு எவ்வளவு, எப்படி அளந்தார்கள், நீரின் வெப்பநிலை, தாரை என்றால் இரு பக்க அழுத்தமும் தூரமும், ஒப்பு மாதிரியின் முழுக் கோடு, உங்கள் பொருளில் குறைந்தது மூன்று மாதிரிகளின் தனித்தனிக் கோடு. சராசரியை மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்பி மூலத் தரவைக் கேளுங்கள். கோட்டிங் என்றால் டெஸ்ட் முடிந்த மாதிரியைக் குறுக்காக வெட்டி, ஒட்டுப்பகுதியில் விரிசல் ஓடியிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படமும் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.