மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள் முதல் சீசனில் செய்யும் தவறுகள்

உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வருஷக்கணக்காக நன்றாக வேலை செய்தவர்கள், அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்கியதும் முதல் சில நிகழ்ச்சிகளில் தடுமாறுவதை மதுரைப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். தொழில் தெரிந்தவர்கள்தான், கேமராவிலும் கோளாறு இல்லை. மாறியது பாடி மட்டும்தான். லென்ஸ், ஃபிளாஷ், அதைத் தள்ளி வைத்து அடிக்க உதவும் டிரிக்கர், கார்டு, ரீடர், பேட்டரி, கம்ப்யூட்டரில் இருக்கும் சாஃப்ட்வேர், விரலுக்குப் பழகிப்போன பட்டன்கள் எல்லாம் பழைய பாடிக்குத் தோதாக அமைந்தவை. இவற்றை ஒவ்வொன்றாகப் புதுசோடு சேர்த்துப் பார்க்காமல் பெட்டியைப் பிரித்த கையோடு மண்டபத்துக்குக் கிளம்புவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

வைகாசி முகூர்த்தம் நெருங்கும்போதுதான் பலரும் வாங்குகிறார்கள், புதன்கிழமை கைக்கு வந்த கேமரா வெள்ளிக்கிழமை தாலி கட்டும்போது மேடை ஏறுகிறது. அந்த ஒரு நிமிஷத்தை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. குறைந்தது இரண்டு வாரமாவது காசு வாங்காத படங்களை எடுங்கள். விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போனால் குறைந்த வெளிச்சம், ஓடுகிற ஆட்கள், டியூப்லைட், மஞ்சள் பல்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது, ஆனால் சித்திரை வீதியில் நின்று கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் உங்கள் லென்ஸின் ஓரங்கள் எவ்வளவு கூர்மை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

லென்ஸ் விஷயத்தில் "அடாப்டர் போட்டால் எல்லாம் வேலை செய்யும்" என்று கடையில் சொல்வதைப் பாதி உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.எல்.ஆருக்கான கேனான் ஈ.எஃப். லென்ஸ்கள் ஆர் வரிசை மிரர்லெஸ் பாடியில் அடாப்டரோடு ஆட்டோஃபோகஸ் உட்பட நன்றாகவே ஓடும். ஆனால் கிட்டில் வந்த 18-55 போன்ற ஈ.எஃப்.-எஸ். லென்ஸை ஆர்6 போன்ற பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமில் மாட்டினால் கேமரா தானாகவே கிராப்புக்குப் போய் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும், 20 மெகாபிக்சலில் மிஞ்சுவது 8-க்கும் குறைவு. அதை கவனிக்காமல் ஒரு நிகழ்ச்சி முழுக்க எடுத்துவிட்டு, ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கு விரிக்கும்போது கையைப் பிசைவதில் பயனில்லை. நிக்கான்காரர்களுக்கு வேறு சிக்கல். பாடியில் இருக்கும் மோட்டாரை நம்பி ஓடிய 50 எம்.எம். எஃப் 1.8 டி மாதிரியான ஏ.எஃப்.-டி லென்ஸ்கள், நிக்கான் மிரர்லெஸ்ஸுக்கான எஃப்.டி.இசட். அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் ஆகாது. அந்த அடாப்டரில் மோட்டார் கிடையாது. கையால் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் ஓடித் திரியும் குழந்தையைப் பிடிக்க அது உதவாது. எனவே பாடி வாங்கும் முன்பே உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு லென்ஸையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் கடைக்கே எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள்.

ஃபிளாஷ்தான் அதிகம் பேரைக் குழப்புகிறது. மண்டபத்தில் வழக்கம்போல மேனுவலில் 1/160, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 200 வைத்து டிரிக்கரை மாட்டிக் கண்ணை வைத்தால் வ்யூஃபைண்டர் கும்மிருட்டாக இருக்கும். மாப்பிள்ளை எங்கே, பொண்ணு எங்கே என்றே தெரியாது. கேமரா கெட்டுவிட்டது என்று சிலர் பதறிப்போய் ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றுவார்கள், அடுத்த படம் ஃபிளாஷில் வெளுத்துப் போகும். நடப்பது இதுதான்: பழைய கேமராவில் கண்ணாடி வழியாக மேடையை நேரில் பார்த்தீர்கள். இதில் பார்ப்பது சென்சார் காட்டும் படம், அது உங்கள் செட்டிங்கில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் எப்படி வருமோ அப்படியே காட்டுகிறது. ஃபிளாஷ் அடிக்கப்போவது அதற்குத் தெரியாது, அதுவும் அடிக்கச் சொல்லும் நடு முள் மட்டும் உள்ள சாதாரண டிரிக்கர் என்றால் சுத்தமாகத் தெரியாது. இதை மெனுவில் அணைத்துவிடலாம்: கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்று இருக்கும், சோனியில் லைவ் வ்யூ டிஸ்ப்ளே, நிக்கான் இசட்6 போன்றவற்றில் அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வ்யூ. அணைத்ததும் அரங்கம் பளிச்சென்று தெரியும். ஃபிளாஷ் இல்லாமல் வெளியே எடுக்கும்போது மறக்காமல் திரும்பப் போட வேண்டும், அதனால் இதை ஒரு தனி பட்டனிலோ, சி1, சி2 என்று டயலில் இருக்கும் இடங்களில் ஒன்றிலோ சேமித்து வையுங்கள். ஃபிளாஷுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று, அவ்வளவுதான்.

ஃபிளாஷோ டிரிக்கரோ மாட்டும் ஷூவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேனானின் 200டி மார்க் 2 என்ற டி.எஸ்.எல்.ஆரிலேயே நடு முள் கிடையாது, நம் ஊரில் பெரும்பாலோர் வைத்திருக்கும் சாதா டிரிக்கர் அதில் அடிக்காது.

அப்புறம் இந்த சைலன்ட் ஷட்டர். சத்தமே இல்லாமல் எடுக்கலாம் என்றதும் ஆசை வருகிறது, ஐயர் மந்திரம் சொல்லும்போது கிளிக் கிளிக் என்று கேட்காமல் இருப்பது நல்லதும்தான். ஆனால் பெரும்பாலான கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் ஃபிளாஷ் அடிக்காது. சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வேகமாக அசையும் பொருள் சாய்ந்து தெரியும், நாதஸ்வரத்தோடு வரும் தவில் குச்சி வளைந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்குகளின் தொல்லை அதைவிடப் பெரிது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். அதனால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழுகிறது. மண்டப விளக்கில் 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மெக்கானிக்கல் ஷட்டரோடு ஆன்டி ஃப்ளிக்கரைப் போடுவது இன்னும் நல்லது. மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்.இ.டி. வாலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதன் துடிப்பு வேறு, அங்கே போய் நாலைந்து வேகங்களில் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீடியோ எடுப்பவர்கள் மெனுவில் பால் (PAL) என்பதைத் தேர்ந்தெடுத்து 25 ஃபிரேமுக்கு 1/50 வையுங்கள், என்.டி.எஸ்.சி.யில் 30 ஃபிரேமுக்கு 1/60 என்று வைத்தால் டியூப்லைட் துடிப்பது வீடியோவில் அப்படியே வந்துவிடும்.

லேசர் லைட் போடும் பாட்டுக் கச்சேரி, ரிசப்ஷன் இவற்றில் கூடுதல் கவனம் தேவை. மிரர்லெஸ்ஸில் சென்சார் எப்போதும் திறந்தே இருக்கிறது, லேசர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் அது நிரந்தரமாகப் பழுதாகலாம். கதிர் உங்கள் பக்கம் திரும்பினால் கேமராவைத் திருப்பிவிடுங்கள்.

கார்டில் ஏமாறுவது மிகச் சுலபம், ஏனென்றால் மேலே பெரிதாக அச்சடித்திருக்கும் 170, 200 என்ற எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். உங்களுக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30 என்று சின்னதாகப் போட்டிருந்தால் நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும், வி60 என்றால் 60, வி90 என்றால் 90. கேமரா மெனுவோ மெகாபிட்டில் சொல்லும், எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: 200 மெகாபிட் 4கே வீடியோவுக்கு 25 மெகாபைட், வி30 தாங்கும், 400 மெகாபிட் என்றால் 50, அதற்கு வி60 வேண்டும். வி30 போட்டால் பாதியில் நின்றுபோகலாம், அது எந்த நேரத்தில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்டைத் திருப்பிப் பாருங்கள், பொன்னிறத் தகடுகள் ஒரு வரிசையாக இருந்தால் யு.எச்.எஸ். 1, கீழே இரண்டாவது வரிசை இருந்தால் யு.எச்.எஸ். 2. இரண்டு வரிசைக் கார்டை அதிக விலை கொடுத்து வாங்கி, ஒரு வரிசை மட்டுமே படிக்கும் ஸ்லாட்டில் போட்டால் கொடுத்த காசு வீண். சோனி ஏ7 3-இல் முதல் ஸ்லாட் மட்டும்தான் யு.எச்.எஸ். 2, மற்றது பழையது. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி வைத்திருந்தால், அப்படித்தான் வைக்க வேண்டும் என்பேன், மெதுவான கார்டின் வேகத்துக்கே கேமரா இறங்கும். பழைய ரீடரும் அதே மாதிரி காலை இழுக்கும்.

போலிக் கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன. 128 ஜி.பி. என்று காட்டும், 20 நிறைந்ததும் எழுதியது எல்லாம் குப்பையாகும். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளில் முழுவதும் நிரப்பிச் சோதித்துவிட்டு, அப்புறம் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். பழைய கேமராவில் ஓடிய கார்டை அப்படியே புதுசில் செருகி எடுக்க ஆரம்பிக்காதீர்கள்.

பேட்டரிக் கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நிக்கான் டி750 ஒரு சார்ஜில் 1230 படம் எடுக்கும் என்று அந்த நிறுவனம் சொன்னது, அதே நிறுவனம் இசட்6-க்குச் சொன்னது 310. தொடர்ச்சியாகத் தட்டினால் நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே வரும், ஆனாலும் திரையும் சென்சாரும் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு பேட்டரியோடு முழுக் கல்யாணம் என்பது இனி நடக்காது. மூன்று வையுங்கள். பழைய கேனான் எல்.பி.-இ6 பேட்டரி ஆர்6-இல் பொருந்தும், ஆனால் கேமராவுக்குள்ளேயே வைத்து சார்ஜ் ஏற்ற முடியாது, தொடர்ச்சியாக எடுக்கும் வேகமும் புதிய எல்.பி.-இ6என்.எச்.சில் வருவதைவிடக் குறையும். யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறவில்லை என்றால் கேமராவைக் குறை சொல்லும் முன் சார்ஜரைப் பாருங்கள், பி.டி. (பவர் டெலிவரி) வகையைத்தான் பல பாடிகள் ஏற்கும். சித்திரை வெயிலில் காருக்குள் பேட்டரியை விட்டுப்போவதை அறவே விடுங்கள், தரமில்லாதது என்றால் உப்பிப்போய் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் அருமையான வசதி. ஆனால் அதற்கு உயிருள்ள முகமும் அச்சடித்த முகமும் ஒன்று. மண்டப வாசலில் வரவேற்பு ஃபிளெக்ஸுக்கு முன்னால் பொண்ணு நடந்து வரும்போது, அவள் சற்றே திரும்பினாலும் போதும், ஃபோகஸ் பின்னால் ஃபிளெக்ஸில் சிரிக்கும் முகத்துக்குத் தாவிவிடும். நெரிசலில் முழுச் சட்டத்தையும் கேமராவிடம் விட்டுவிடாமல் சிறிய பகுதியை நீங்களே தேர்ந்தெடுத்து, அதற்குள் மட்டும் கண்ணைத் தேடச் சொல்லுங்கள்.

இனி கம்ப்யூட்டர். படம் திருத்தும் பழைய லைட்ரூம் 6 வைத்திருப்பவர்களும், ஆல்பம் டிசைனரிடம் கேமராவின் மூல ஃபைலான ராவைக் கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டியது: லைட்ரூம் 6-க்கு 2017-ஓடு அப்டேட் நின்றுவிட்டது, அதற்குப் பின் வந்த கேமராக்களின் ரா ஃபைல் அதில் திறக்காது. அடோபியின் டி.என்.ஜி. கன்வெர்ட்டர் இலவசம், அதில் மாற்றிக்கொண்டால் பழைய மென்பொருளிலும் திறக்கலாம். இதை வேலை முடிந்து ஃபைலைக் கொடுத்த பிறகு கண்டுபிடிக்காமல், இப்போதே பத்துப் படம் அனுப்பி டிசைனரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தூசியும் தண்ணீரும் நம் ஊருக்கே உரிய சோதனை. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் எதுவாக இருந்தாலும் வாடிவாசல் பக்கத்தில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், முன்பு கண்ணாடியும் ஷட்டரும் மறைத்து நின்றன, இப்போது பல பாடிகளில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேராகப் புழுதியில் நிற்கிறது. அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும் வசதி சில பாடிகளில் உண்டு, இருந்தால் மெனுவில் போட்டுவையுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காற்றுக்கு முதுகு காட்டி, கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். தூசி விழுந்துவிட்டால் ரப்பர் புளோயர் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், அது தூசியைவிட மோசம்.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தோப்பறை என்ற தோல் பையில் பீய்ச்சும் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது. வெதர் சீல் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வெறும் கையோடு நிற்காதீர்கள், அது தூறலுக்கும் புழுதிக்கும் ஓரளவு தாங்கும், அவ்வளவே. இடையில் விலை குறைந்த அடாப்டர் ஒன்று இருந்தால் அந்த இடத்தில் சீல் இல்லாமலும் இருக்கலாம். நல்ல பிளாஸ்டிக் உறையும் ஒரு ரப்பர் பேண்டும் போதும். அதே மாதிரி கொடைக்கானல் குளிரில் இருந்து இறங்கி வத்தலக்குண்டில் பையைத் திறந்தால் லென்ஸில் பனி படியும், பையை மூடியே அரை மணி நேரம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சை வரும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட்டில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள், இல்லையென்றால் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்.

சின்னச் சின்னதாகச் சில: மலிவான யு.வி. ஃபில்டரைக் கழற்றிவிட்டு மேடை விளக்கை ஒருமுறை எடுங்கள், பச்சையாகத் தெரிந்த பேய் வெளிச்சம் காணாமல் போகும். ட்ரைபாட் பிளேட் புது பாடியின் பேட்டரி மூடியை மறைக்கிறதா என்று பாருங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டை முழு சார்ஜில், வேலை இல்லாத நாளில் செய்யுங்கள்.

பழைய பாடியை உடனே விற்றுவிடாமல் இந்த சீசன் முழுக்க இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் கிளம்பும் முன் இரண்டிலும் தேதி, மணி, நிமிஷம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒரே கெல்வினில் வையுங்கள். இல்லையென்றால் டிசைனர் நேரப்படி அடுக்கும்போது தாலி கட்டுவது முந்தி, மாலை மாற்றுவது பிந்தி என்று வரும், ஒரே பக்கத்தில் பொண்ணின் பட்டுப்புடவை இரண்டு நிறத்தில் நிற்கும்.