பிள்ளைகளுக்கு ஓர் இலவசத் தூண்டில் போட்டி: முதல் தடவை நடத்துகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்றாலே காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். ஆனால் ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். போகத்தான் போகிறார்கள், அதுவும் தனியாக. அதைவிட நாமே கூட்டிக்கொண்டு போய்த் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது மேல் என்று தோன்றியதால் இந்த வேலையில் இறங்கினோம். முப்பது பிள்ளைகள், ஒரு காலை நேரம் என்ற கணக்கில் எழுதுகிறேன்.

1. நாள் குறிப்பது

ஞாயிற்றுக்கிழமை நல்லது. பௌத்தர்களின் பௌர்ணமி நாளான போயா தினத்தில் வேண்டாம். கோயிலில் கொடியேறிவிட்டதா என்றும் விசாரியுங்கள். காப்புக் கட்டிய வீட்டில் மீன் ஏறாது, அந்த வீட்டுப் பிள்ளையும் வராது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை கரை காய்ந்திருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். முதல் வருஷம் நாங்கள் ஐப்பசியில் வைத்துக் கெடுத்துக்கொண்டோம். முந்தின இரவு பெய்த மழையில் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறிவிட்டது. மூன்று மணித்தியாலத்தில் மொத்தம் நான்கு மீன்.

விடியற்காலையில் தொடங்காதீர்கள். இங்கே அதிகம் சிக்குவது திலாப்பியா. 1952இல் ஆபிரிக்க இனமொன்றைக் கொண்டுவந்து இலங்கைக் குளங்களில் விட்டார்கள். அப்படி வந்த வெப்பநாட்டு மீன் இது. பனிக் குளிரில் அசையாது. வெயில் ஏறி ஒன்பது மணிக்குத் தொடங்கினால் போதும்.

2. இடமும் அனுமதியும்

கரை தோட்டத்துக்குச் சொந்தமென்றால் துரையிடம் (தோட்ட மனேஜரிடம்) கேட்க வேண்டும். அணைக்கட்டும் மதகும் மின் உற்பத்தித் துறையின் பொறுப்பு. கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் போட்டி வைக்கவே கூடாது. மதகு திறந்தால் தண்ணீர் சடுதியாக ஏறும்.

சரிவு குறைந்த, கால் புதையாத கரையாகப் பாருங்கள். தண்ணீர் வற்றும்போது வெளியே வரும் சேறு மேலே காய்ந்தது போலிருக்கும், மிதித்தால் முழங்கால் வரை இழுக்கும். மவுசாக்கலை நீர்த்தேக்கப் பக்கம் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: தண்ணீருக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் வறட்சியில் வெளியே தெரியும், பிள்ளைகள் அதைப் பார்க்க ஓடுவார்கள். பழைய சுவர்களில் தூண்டில் முள்ளும் மாட்டும்.

ஓடைகள் வேண்டாம். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத சின்ன மீன்கள் சில அங்கேதான் கல்லோடு ஒட்டி வாழ்கின்றன. அவற்றை அவற்றின் பாட்டில் விடுவோம்.

3. எல்லாருக்கும் ஒரே தூண்டில்

இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கடைக்காரர் மகன் ரீல் வைத்த தூண்டிலோடு வந்தால், அதை மேசையில் வைத்துவிட்டு நாங்கள் கொடுக்கும் மூங்கிலைத்தான் பிடிக்க வேண்டும். இலவசப் போட்டி என்று பெயர் வைத்துவிட்டு, காசுள்ள வீட்டுப் பிள்ளை தூரமாக வீச மற்றவன் பார்த்துக்கொண்டு நிற்பதென்றால் அதற்கு ஏன் போட்டி?

தூண்டிலைப் பிள்ளைகளே செய்யட்டும். முந்தின சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்.

எட்டு அடி நீளத்தில், விரல் தடிப்பில் காய்ந்த மூங்கில் எடுங்கள். பச்சை மூங்கில் கனக்கும். தங்கூசியை (நைலோன் நூலை) கம்பின் நீளத்துக்கே வெட்டி நுனியில் கட்டுங்கள். நீளம் கூடினால் பக்கத்துப் பிள்ளையின் தலையில் சிக்கும். மிதப்புக்குப் பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டினால் போதும். ரெஜிபோம் (தெர்மோகோல்) வேண்டாம், உதிர்ந்து தண்ணீரெல்லாம் வெள்ளை மணியாகிவிடும். பாரத்துக்கு ஈயமும் வேண்டாம்: பிள்ளைகள் அதைப் பல்லால் கடித்து நசுக்குவார்கள், ஈயம் நஞ்சு. ஒரு சின்ன இரும்பு நட் போதும், முள்ளுக்கு ஒரு சாண் மேலே.

முள் எட்டாம் அல்லது பத்தாம் நம்பர். முள்ளின் உட்பக்கம் இருக்கும் சின்னக் கொளுவியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் மீனின் வாயிலிருந்தும் சுலபமாகக் கழலும், பிள்ளையின் விரலில் ஏறினாலும் கழலும். இரண்டாவது கட்டாயம் ஒருமுறையாவது நடக்கும்.

முடிச்சு இப்படி: நூலை முள்ளின் கண்ணுக்குள் விட்டு, வால் பகுதியைப் பெரிய நூலைச் சுற்றி ஐந்து தடவை முறுக்குங்கள். பிறகு வாலைக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு வளையத்துக்குள் விடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இழுத்து இறுக்குங்கள். காய்ந்த முடிச்சை இழுத்தால் உராய்ந்து சூடேறி நூல் பலம் இழக்கும். அப்புறம் மீன் இழுக்கும்போது அறுந்துவிட்டது என்று அழுகை.

இரை: மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் மண்புழு கிடைக்கும். அருவருக்கிற பிள்ளைக்குப் பாண் (ரொட்டி) துண்டை நனைத்துப் பிசைந்து கொடுங்கள்.

4. கரையில்

ஐந்து பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர். நீளக் கயிறும் காற்றடித்த டியூப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் விளிம்பிலிருந்து இரண்டு அடி தள்ளிக் கரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள், அதைத் தாண்டுகிறவன் பத்து நிமிஷம் உட்கார வேண்டியதுதான். அட்டை கடித்தால் போட உப்புப் பொட்டலம்.

5. மீன் சிக்கியதும்

முதலில் கையை நனைக்க வேண்டும். காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும், திரும்ப விட்டாலும் அது நோய்ப்படும். திலாப்பியாவின் முதுகில் முள்வரிசை உண்டு. தலையிலிருந்து வால் பக்கமாகக் கையை வழித்துப் பிடித்தால் அது மடங்கிக்கொடுக்கும்.

நிறுக்காதீர்கள், அளந்து பாருங்கள். ஆரம்பத்தில் நிறை பார்த்ததால் வாளிக்குள் மீன் செத்துக்கொண்டே இருந்தது. இப்போது சென்ரிமீற்றர் குறித்த ஈரப் பலகையில் வைத்து, வாசித்து, உடனே விட்டுவிடுகிறோம்.

சில மீன் கைக்கு வந்ததும் வாயிலிருந்து முட்டையோ குஞ்சுகளோ துப்பும். பயப்பட வேண்டாம், அது தாய். இந்த மீன் முட்டையை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கிறது. அளக்காமலே அதைத் தண்ணீரில் விடுகிற பிள்ளைக்கு நாங்கள் ஐந்து புள்ளி கொடுக்கிறோம். போன தடவை ஒரு சின்னப் பெண் அந்த ஐந்து புள்ளியால் மட்டுமே மூன்றாம் இடத்துக்கு வந்தாள்.

6. பரிசுக்கு முன்னால்

பரிசு கொப்பி, பென்சில், ஒரு பொட்டலம் தூண்டில் முள். நீளமான மீனுக்கு ஒன்று, முதல் மீனுக்கு ஒன்று. கரையில் கிடக்கும் அறுந்த நூலை அதிகம் பொறுக்கியவருக்கு ஒன்று. அந்த நூல் காலில் சுற்றி நீர்க்காகம் செத்துக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் பரிசைத் தொடும் முன் முட்களை எண்ணுங்கள். முப்பது கொடுத்திருந்தால் முப்பதுக்கும் கணக்கு இருக்க வேண்டும். தண்ணீருக்குள் அறுந்துபோனதை உடனே வந்து சொன்னால் கொப்பியில் குறித்துக்கொள்ளலாம். கரையில் தவறியதென்றால் எல்லாரும் குனிந்து தேட வேண்டும், கிடைத்த பிறகுதான் பரிசு. மறுநாள் காலை அந்த வழியாகப் புல்லறுக்க வருகிற அம்மாக்கள் வெறுங்காலோடுதான் வருகிறார்கள்.