காலண்டர் வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசிப்பது எப்படி? எரேமியா 29:11 வைத்து ஒரு பயிற்சி

"நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

எரேமியா 29:11. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும் காலண்டரிலும் வீட்டுச் சுவரிலும் நம் கண்ணில் அடிக்கடி படுகிற வசனம். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர், விசாவுக்குக் காத்திருப்பவர், குழந்தைக்காக ஏங்குகிறவர் எல்லாரும் இதைப் பற்றிக்கொள்கிறார்கள். கேட்டது கிடைக்காமல் போனால், "என் விசுவாசத்தில்தான் குறை" என்று உடைந்துபோகிறவர்கள் உண்டு. வசனம் சொல்லாததை அதன்மேல் ஏற்றி வாசிப்பதால் வரும் வேதனை இது. ஒரு வேதப்பகுதியைச் சரியாக வாசிக்கும் முறையை இந்த ஒரே வசனத்தை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

தேவையானவை: உங்கள் பழைய திருப்புதல் வேதாகமம், இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பு (1995-ல் வந்த திருவிவிலியம் போதும்), ஒரு நோட்டு, பென்சில், போன் அருகில் இல்லாத ஒரு மணி நேரம். விளக்கவுரை நூல்களைக் கடைசிப் படிவரை திறக்க வேண்டாம்.

படி 1: பகுதியின் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

வேதத்தை எழுதியவர்கள் வசன எண்களைப் போட்டு வைக்கவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551-ல் போட்டார். ஆகவே ஒரு வசனம் என்பது தேடி எடுக்க உதவும் விலாசம் மட்டுமே. கருத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

பின்னோக்கிப் போங்கள். பேசுகிறவர், இடம், காலம் மாறும் இடம் வந்தால் அதுதான் தொடக்கம். "ஆகையால்", "ஆனபடியினால்", "இப்படியிருக்க" என்று தொடங்கும் வசனமாக இருந்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். நம் வசனத்துக்கு 29:1 வரை போனால் விஷயம் வெளிச்சமாகிவிடும்: இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய ஒரு கடிதம். 14-ஆம் வசனத்தோடு ஒரு வாக்குறுதியைச் சொல்லி முடிக்கிறது. 15-ல் பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது. எல்லை 29:1-14.

படி 2: மூன்று முறை வாசியுங்கள்

முதல் தடவை நிறுத்தாமல். இரண்டாம் தடவை சத்தமாக. இந்தக் கடிதமும் முதலில் கூட்டத்தில் வாசித்துக் கேட்கப்பட்டிருக்க வேண்டியதுதான். மூன்றாம் தடவை பென்சிலோடு, திரும்பத் திரும்ப வரும் சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். 7-ஆம் வசனத்திலேயே "சமாதானம்" மூன்று முறை வருகிறது. அதே சொல் 11-லும் இருக்கிறது. இதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 3: யார் யாரிடம் பேசுகிறார்?

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் ஒருவருக்கும் பலருக்கும் ஒரே சொல்தான். நம்மிடம் "நீ" இருக்கிறது, "நீங்கள்" இருக்கிறது. பழைய திருப்புதலில் மரியாதைக்காக ஒருவரை "நீங்கள்" என்று சொல்லும் வழக்கம் இல்லை. கடவுளையே "நீர்" என்றுதான் அழைக்கிறது. அதனால் "நீங்கள்" என்று வந்தால் பலரிடம் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாம்.

லூக்கா 22:31-32-ஐத் திறந்து பாருங்கள். இயேசு பேதுருவிடம், சாத்தான் "உங்களை" கோதுமையைப்போலப் புடைக்க உத்தரவு கேட்டான் என்கிறார். அடுத்த வரியிலேயே, "உன்" விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு "உனக்காக" வேண்டிக்கொண்டேன் என்கிறார். சோதனை சீஷர் எல்லாருக்கும். இங்கே சொல்லப்படும் ஜெபம் பேதுருவுக்கு, அவன் எழுந்து மற்றவர்களைத் தாங்குவதற்காக. ஒரு சொல் வித்தியாசத்தில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது!

எரேமியா 29:11-ல் "உங்கள்பேரில்" என்று இருக்கிறது. மூலமொழியான எபிரெயுவிலும் பன்மைதான். ஒரு ஜனக்கூட்டத்தோடு பேசப்பட்ட வார்த்தை இது.

இதோடு ஒரு எச்சரிக்கை. "நாம்", "நாங்கள்" என்ற வேறுபாடு புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இல்லை. 1 யோவான் 1:3-ல் "நாங்கள்" என்றும் 1:7-ல் "நாமும்" என்றும் இருப்பது மொழிபெயர்த்தவர்கள் சூழலைப் பார்த்து எடுத்த முடிவு. அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துப் போதனை கட்டாதீர்கள்.

படி 4: காலத்தையும் இடத்தையும் குறியுங்கள்

கி.மு. ஆண்டைத் தவிர, இதற்கு வெளிநூல் வேண்டாம். 28-ஆம் அதிகாரமும் 29:1-10-உம் போதும். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதாவின் ராஜாவான எகோனியாவையும் எருசலேமின் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். எருசலேம் இன்னும் விழவில்லை. அனனியா என்பவன் எழும்பி, இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தரின் பெயரால் சொன்னான். ஜனங்கள் கேட்க ஆசைப்பட்டதும் அதுதான். அவன் பேசியது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் செத்துப்போனான்.

இந்தப் பின்னணியில் எரேமியாவின் கடிதம் போகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறைப்பட்டுப் போனபோது முப்பது வயதான தச்சன் எழுபது வருஷம் முடியும்போது நூறு வயதாக இருப்பான். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே அடக்கம் செய்யப்படுவார்கள். அவர்களிடம்தான் கர்த்தர் 11-ஆம் வசனத்தைச் சொல்கிறார்.

படி 5: சொற்களைத் தட்டிப் பாருங்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பழைய திருப்புதல் 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ். சொல் பழகியதாக இருப்பதால் பொருளும் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம்.

"நினைவு" என்றால் இன்று நமக்கு ஞாபகம். இங்கே அது எண்ணம், திட்டம். "சமாதானம்" என்றால் இன்று சண்டை ஓய்வது அல்லது மன ஆறுதல். எபிரெயுச் சொல் ஷாலோம். நலம், குறைவற்ற நல்வாழ்வு என்ற பொருளும் அதற்கு உண்டு. "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்பதுதான் மிகவும் வழிதவற வைக்கிறது. நாம் ஆசைப்படும் ரிசல்ட் என்று காதில் விழுகிறது. எபிரெயுவில் இருப்பவை இரண்டு சொற்கள்: பின்வரும் காலம், நம்பிக்கை. திருவிவிலியத்தில் "எதிர்காலம்", "நம்பிக்கை" என்றே பார்க்கலாம். அந்த ஜனங்கள் எதிர்பார்த்திருந்த முடிவு இரண்டு வருஷத்தில் வீடு திரும்புவது. அதைத் தரமாட்டேன் என்று சொல்லும் கடிதத்தில்தான் இந்த வசனம் இருக்கிறது!

இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து, வேறுபடும் சொற்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஆராய வேண்டியவை அவைதான்; எல்லாச் சொல்லுக்கும் அகராதி பார்க்க வேண்டியதில்லை.

படி 6: எந்த வகை எழுத்து?

கடிதமா, சரித்திரமா, பாட்டா, நீதிமொழியா என்று பாருங்கள். சரித்திரம் நடந்ததைச் சொல்கிறது. நடந்ததெல்லாம் நமக்குக் கட்டளை ஆகாது. நியாயாதிபதிகள் 6-ல் கிதியோன் ஆட்டுமயிர்த் தோலைப் போட்டு அடையாளம் கேட்டதற்கு முன்பே கர்த்தர் அவனிடம் தெளிவாகப் பேசிவிட்டார். அவன் தயங்கியதை வழிகாட்டுதல் பெறும் முறையாக்குவது தவறு. நீதிமொழியோ நம் பழமொழி மாதிரி. "பதறாத காரியம் சிதறாது" என்றும் சொல்கிறோம், "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றும் சொல்கிறோம், இடமறிந்து எடுத்துக்கொள்கிறோம். நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது, 26:5 கொடு என்கிறது. பிள்ளையை நடக்கவேண்டிய வழியிலே நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்னும் 22:6-ஐ உத்தரவாதப் பத்திரமாக நீட்டி, பிள்ளை வழிதவறிய பெற்றோரைக் குற்றப்படுத்துவது கொடுமை.

படி 7: அன்றைய பொருளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"நான்", "எனக்கு" வரக்கூடாது. இறந்தகாலத்தில் எழுதுங்கள். உதாரணம்: "பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம், தண்டனை நீண்டாலும் தாம் அவர்களைக் கைவிடவில்லை என்றும், எழுபது வருஷத்துக்குப்பின் அந்த ஜனத்தைத் திரும்பக் கொண்டுவருவதாகவும் கர்த்தர் சொன்னார்." எழுத வரவில்லையா, படி 3-க்குத் திரும்புங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

படி 8: இன்றைக்குப் பாலம் கட்டுங்கள்

பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் நமக்கும் அவர்களுக்கும் வேறுபடுவதை எழுதுங்கள்: நாம் யூதா தேசத்தார் அல்ல, பாபிலோனில் இல்லை, எழுபது வருஷக் கணக்கு நம்முடையது அல்ல. வலப்பக்கம் மாறாதது: அதே கர்த்தர், தம் ஜனத்தின்மேல் அதே எண்ணம், காத்திருக்கும் காலத்திலும் தேடினால் கண்டடையலாம் என்ற அழைப்பு (29:13). பிறகு புதிய ஏற்பாட்டுக்குப் போங்கள். 1 பேதுரு விசுவாசிகளைப் பரதேசிகள் என்று அழைத்து, பரலோகத்தில் வைக்கப்பட்டிருக்கும் சுதந்தரத்தை, அதாவது உரிமைச் சொத்தை, காட்டுகிறது. முடிவில் பாபிலோன் என்ற பெயரும் வருகிறது (5:13). நம் எதிர்காலமும் நம்பிக்கையும் கிறிஸ்துவுக்குள் உறுதியானவை. இதைப் படுக்கையில் இருக்கும் நோயாளியிடமும் பயமில்லாமல் சொல்லலாம், சுகம் வந்தாலும் வராவிட்டாலும்.

கீழ்ப்படிய வேண்டியது 7-ஆம் வசனத்தில் இருக்கிறது: இருக்கும் பட்டணத்தின் நலத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். அந்த வசனமும் அட்டையில் ஏற வேண்டியதுதான்.

படி 9: இப்போது மற்றவர்களைக் கேளுங்கள்

ரெஃபரன்ஸ் பைபிளில் ஒத்த வாக்கியங்களைப் பாருங்கள். தானியேல் 9:2 இந்த எழுபது வருஷத்தையே பேசுகிறது. அதன்பின் விளக்கவுரை, அதன்பின் உங்கள் போதகர். சபை வரலாற்றில் யாருமே காணாத பொருள் உங்களுக்குக் கிடைத்திருந்தால், படி 1-லிருந்து மறுபடி பாருங்கள்.

அடுத்த வாரத்துக்குப் பிலிப்பியர் 4:13 எடுத்துக்கொள்ளுங்கள். 4:10-ல் தொடங்கி 20 வரை வாசியுங்கள். "எல்லாவற்றையும்" என்ற சொல்லுக்கு வட்டம் போட்டு, அந்த "எல்லாம்" எவை என்று 11, 12-ஆம் வசனங்களிலிருந்து பட்டியல் எடுங்கள். அதில் பட்டினியும் இருக்கும்.