அலையாத்திக் காட்டோரம் ஜியோகேச்சிங்: அம்பு ஆட ஆரம்பிச்சா என்ன பண்ணணும்

ஜியோகேச்சிங் தெரியாதவங்களுக்காக முதல்ல ரெண்டு வரி. ஒருத்தர் சின்ன டப்பாக்குள்ள ஒரு நோட்டு வச்சு எங்கயாவது ஒளிச்சுட்டு அந்த எடத்தோட ஜிபிஎஸ் நம்பர நெட்ல போடுவாரு, மத்தவங்க தேடிப் போயி நோட்டுல பேர் எழுதிட்டு இருந்த மாதிரியே திரும்ப வச்சுட்டு வரணும். 2000 மே மாசம் அமெரிக்காக்காரங்க ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே சேத்து வச்சிருந்த பிழைய நிறுத்துனாங்க, அடுத்த நாளே ஒரேகான்ல டேவ் உல்மர்ங்கறவர் காட்டோரமா ஒரு வாளிய பாதி பொதைச்சு வச்சாரு, அதுலேர்ந்து வந்ததுதான் இது.

ஊருக்குள்ள மதகு, கொளத்தங்கரைன்னு தேடுறது சுலபம். நம்ம கடைமடை பக்கம், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோரம், கோடியக்கரை, வடக்க பிச்சாவரம்னு போனா கதையே வேற. போன் ஒங்கள எடத்துக்குப் பக்கத்துல கொண்டு போயி விடும், அவ்ளோதான், கடைசி இருபது முப்பது மீட்டர ஒங்க கண்ணுதான் பாக்கணும்.

மொதல்ல அனுமதி. கோடியக்கரை 1967லேர்ந்து சரணாலயம், முத்துப்பேட்டையும் பிச்சாவரமும் வனத்துறை கையில இருக்கு. அவங்கள கேக்காம உள்ள போகாதீங்க, டப்பா வைக்கணும்னு நெனைக்கவே வேணாம். எர்த்கேச்னு ஒரு வகை இருக்கு, அதுல டப்பாவே கெடையாது, மண்ணையும் ஆத்தையும் பாத்துட்டு கேள்விக்கு பதில் சொல்லணும், கழிமுகத்துக்கு அதவிட பொருத்தமா ஒண்ணும் இல்ல. டப்பாதான் வேணும்னா காட்ட ஒட்டுன பட்டா தோப்புல உரிமையாளர்ட்ட கேட்டு வைங்க, நாங்க பழகுனது கோரையாத்தங்கரைல ஒரு கூட்டாளி தோப்புலதான்.

நம்பர்ல எல்லாரும் ஒரு தடவையாவது ஏமாறுவாங்க. ஜியோகேச் நம்பர் டிகிரி, அப்புறம் புள்ளி வச்ச நிமிஷம்னு வரும், நம்ம போன் மேப்போ பெரும்பாலும் டிகிரிக்கே புள்ளி வச்சு காட்டும். முத்துப்பேட்டை 10.395, 79.495 பக்கம் இருக்கு. அத 10 டிகிரி 39.5 நிமிஷம், 79 டிகிரி 49.5 நிமிஷம்னு போட்டீங்கன்னா வேளாங்கண்ணி கிட்ட கொண்டு போயி நிறுத்திடும், நேர்கோட்டுலயே நாப்பத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல தள்ளி. நிமிஷத்துல புள்ளிக்கு அப்புறம் மூணாவது எண் மாறுனா 1.8 மீட்டர்தான் நகரும், முதல் எண் மாறுனா 185 மீட்டர், அதனால பேப்பர்ல எழுதி ரெண்டு பேர் படிச்சு சரிபாருங்க. மேப்ப வீட்லயே டவுன்லோட் பண்ணிக்கங்க, உள்ள டவர் நிக்காது.

இனி அம்பு, அதாவது டப்பா எந்தப் பக்கம்னு போன்ல காட்டுறது. திறந்த வெளில நல்ல போன் நாலஞ்சு மீட்டருக்குள்ள காட்டும், ஆனா எலை அடர்ந்த எடத்துல சிக்னல் பாதி எலையிலயே போயிடுது, மீதி தண்ணிலயும் மரத்துலயும் பட்டு சுத்தி வருது, சுத்தி வந்த தூரத்தையும் சேத்து கணக்கு போடறதால நீங்க நின்ன எடத்துலயே நின்னாலும் அம்பு இருபது மீட்டர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு தாவும். நான் மொத தடவ அது பின்னாடியே ஒரு மணி நேரம் சேத்துல அலைஞ்சேன். அப்புடி அலையாதீங்க. வெளிய வாய்க்கா கரைக்கு வந்து வானம் தெரியற எடமா ரெண்டு மூணு நிமிஷம் அசையாம நில்லுங்க, எண் அடங்குனதும் எந்த திசை எத்தன மீட்டர்னு குறிச்சுக்கங்க, தென்மேற்க 38 மீட்டர்ங்கற மாதிரி. அப்புறம் போன பைக்குள்ள வச்சுட்டு காம்பஸ் பாத்து அடிய எண்ணி உள்ள போங்க, சேத்துல ஒங்க அடி பாதியா சுருங்கும், அத கணக்குல வைங்க. எண்ணி முடிச்சு நின்ன எடத்துல ஒரு கலர் கயித்த கட்டிட்டு திரும்பி வந்து இன்னொரு பக்கத்துலேர்ந்து இதையே பண்ணுங்க. ரெண்டு கோடும் சந்திக்கிற எடத்த சுத்தி பத்து மீட்டர் தேடுனா போதும், வரும்போது கயித்த அவுத்துட்டு வந்துடுங்க.

தேடும்போது டப்பாவ தேடாதீங்க, அங்க இருக்கக்கூடாததத் தேடுங்க. நம்ம வண்டல் மண்ணுல கல்லே கெடையாது, அதனால வேருக்கடியில ஒரு கருங்கல் கெடந்தா அத யாரோ கொண்டு வந்துதான் போட்டிருக்கணும். எனக்கு மொத டப்பா அப்புடித்தான் கெடைச்சுது, உள்ளங்கை அளவு ஜல்லி, மேல சேறு காஞ்சு வெளுத்திருந்துது, அடியில மட்டும் ஈரமே இல்லாம ஒரு நீல மூடி. குச்சிங்க ஒரே திசைல அடுக்குன மாதிரி கெடந்தாலும் சந்தேகப்படுங்க. குறிப்புல பெரிய மரம்னு இருந்தா எப்ப எழுதுனதுன்னு பாருங்க, 2018 கஜா புயல்ல போன மரங்க ஏராளம்.

தண்ணி விஷயத்துல வெளையாடாதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும் எறங்கும், தெனம் சுமாரா அம்பது நிமிஷம் தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமிக்கு கூடுதலா ஏறும். வத்துற நேரத்துல போயி வத்தி முடியறதுக்குள்ள திரும்பிடுங்க. நாங்க குனிஞ்சு தேடிட்டு இருந்தப்ப படகுக்கார அண்ணன் "தம்பி, ஓடையப் பாருங்க, நொர உள்ள வருது"ன்னாரு, எங்க ஆப்ல தண்ணி ஏற இன்னும் அர மணி நேரம் இருந்துது, நாங்க கரை ஏறுனப்ப வந்த தடத்த காணோம். ஐப்பசி கார்த்திகைல போகவே வேணாம்.

மூச்சு வேரு பென்சில் நட்ட மாதிரி நிக்கும், மிதிச்சா மரத்துக்கும் கேடு ஒங்க காலுக்கும் கேடு. செருப்ப சேறு புடுங்கிக்கும், பழைய கேன்வாஸ் ஷூவ இறுக்கிக் கட்டிக்கங்க. தில்லை மரத்த அடையாளம் தெரியாம கிளைய ஒடிக்காதீங்க, அந்தப் பால் கண்ணுல பட்டா ரொம்ப மோசம், தேய்க்காம நல்ல தண்ணியால கழுவிட்டே இருந்து டாக்டர்ட்ட போகணும். வெளிநாட்டுலேர்ந்து வர்ற சொந்தக்காரங்கட்ட சொல்லி வைங்க, சாட்டிலைட் போன், சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்புற கருவியெல்லாம் இங்க லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா கேஸ் ஆயிடும்.

நீங்க வைக்கிறதா இருந்தா, மண்ண தோண்டாதீங்க, எடத்துக்காரர் வெளிப்படையா அனுமதிக்காம தோண்டக்கூடாதுங்கறதுதான் இப்ப விதி, அடுத்த டப்பாவுக்கும் ஒங்க டப்பாவுக்கும் 161 மீட்டராவது இடைவெளி வேணும். நம்பர வேற வேற நாள்ல நாலஞ்சு தடவ எடுத்து சராசரி போடுங்க. கடலோரமா கருப்பு டேப் சுத்துன பொட்டி கெடந்தா யாரும் பயப்படுவாங்க, உள்ள இருக்கறது தெரியற டப்பாவா வாங்கி, வெளையாட்டுப் பொட்டின்னு தமிழ்லயே எழுதி ஒட்டுங்க, பக்கத்து தோப்புக்காரங்ககிட்டயும் காட்டிடுங்க. திங்கறது எதையும் வைக்காதீங்க, நரி இழுத்துட்டுப் போயிடும். பேனா வேணாம், நம்ம ஈரக் காத்துல மை ஊறிடும், பென்சில் வைங்க, மழை விட்டதும் தை மாசம் ஒரு தடவ போயி நோட்ட மாத்திட்டு வந்துடுங்க.