பீடோங் தோட்டத்துப் பாரிட்டில் பழைய கடலைத் தேடுவது எப்படி?

கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடாவில் இருந்த பழைய துறைமுகம்) என்றதும் நம்மவர்கள் 1025-இல் ராஜேந்திர சோழன் அனுப்பிய கப்பற்படையைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தத் துறைமுகத்தாரின் சோற்றுக்கு நெல் எங்கே விளைந்தது என்று கேட்பவர் குறைவு. எனக்குப் பிடித்தது அந்தக் கேள்விதான். பழைய கடல் எதுவரை வந்தது என்று தெரிந்தால் வயல் எங்கே இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அதற்குத் துப்புத் தேட மண்வெட்டி வேண்டாம். தோட்டத்தார் ஏற்கெனவே வெட்டிய பாரிட் (வடிகால்) போதும்.

படி 1: இடம்
கெடாவின் பீடோங்கிலிருந்து மெர்போக் ஆற்றை நோக்கி இறங்கும் தாழ்நிலத்தை வரைபடத்தில் பாருங்கள். கடல்மட்டம் தாழ்ந்ததாலும் ஆறுகள் கொண்டுவந்த வண்டல் சேர்ந்ததாலும் இங்கே கடல் விலகியது. ஆகவே குடியிருப்பை மேட்டின் விளிம்பிலும் வயலை அதற்குக் கீழேயும் தேடுங்கள். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி முக்கியம்.

படி 2: பாரிட்டின் பக்கச்சுவர்
ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் தண்ணீர் வற்றியிருக்கும், அப்போது போங்கள். மேலே செம்பனை வேரோடிய பழுப்பு மண், கீழே சாம்பல் நிறக் களி. அந்தக் களியில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் நின்று பாருங்கள். கண்டல் காட்டுச் சேற்றில் கடல்நீரின் சல்பேட் இரும்புச் சல்பைடாக மாறிப் புதைந்திருக்கும். பாரிட் வெட்டி நீரை வடித்ததும் காற்றுப் பட்டு அது அமிலமாகிறது. மஞ்சள் கனிமம் அப்போது உண்டாவதே. உவர்நீர் எட்டிய இடம் அது என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அமிலம் நெல்லுக்குப் பகை. பழைய வயலைத் தேடுகிறவர் அந்த இடத்தைவிடச் சற்று உயரமான நிலத்தில், நன்னீர் தேங்கும் பள்ளங்களைப் பார்ப்பது நல்லது.

படி 3: சில்லுகள்
மெருகுள்ள சில்லு கிடைத்தவுடன் துள்ள வேண்டாம். பால்மரம் (ரப்பர்) நின்ற நிலமென்றால் பெரும்பாலும் அது பால் சேர்க்கும் மங்கு, அதாவது கோப்பை, உடைந்ததுதான்! இப்பகுதியின் பழைய துறைமுக இடமான பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான்களில் பாசிப்பச்சை மெருகு உள்ளவை உண்டு. அவற்றின் உடைந்த விளிம்பு பெரும்பாலும் சாம்பல் நிறமாக, இறுகி இருக்கும். மெர்போக் தொல்பொருள் அரும்பொருளகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் கண் பழகிவிடும். மெருகில்லாத சாதாரணப் பானை ஓட்டை அலட்சியப்படுத்தாதீர்கள். அதில் உமியின் அச்சு பதிந்திருந்தால், என் கணக்கில் அது பீங்கானைவிட மேல்.

படி 4: பதிவு
அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் கைப்பேசியில் குறியுங்கள், பொருளை இருந்த இடத்திலேயே விடுங்கள். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இன்படி மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும். நெல் பயிரிட்டதை உறுதிசெய்வது ஆய்வுக்கூடத்தின் வேலை: நெற்பயிர் மட்கினாலும் அதன் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் சேற்றில் தங்கியிருக்கும். எந்த ஆழத்து மண் என்று தெரிந்தால்தான் அவற்றுக்குக் காலம் சொல்ல முடியும். சுவரைச் சுரண்டிவிட்டால் அதுவும் போயிற்று.