டர்போப்ராப் புஷ் விமானம்: சிமுலேட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பிஸ்டன் என்ஜின் கொண்ட செஸ்னா 172 கைக்குப் பழகியதும் பலரும் அடுத்து ஏறுவது செஸ்னா 208பி கிராண்ட் கேரவன் ஈஎக்ஸ். இது டர்போப்ராப், அதாவது டர்பைன் என்ஜின் ப்ரொப்பெல்லரைச் சுற்றும் விமானம்; கரடுமுரடான குட்டை ஓடுபாதைகளுக்குப் போகும் 'புஷ்' விமானமும்கூட. மேலே இறக்கை, மடங்காத சக்கரம், மூக்கில் ஒற்றை ப்ரொப்பெல்லர் என்று பார்க்க 172-இன் அண்ணன் மாதிரியே இருக்கும். அதனால் அதையும் 172 போலவே ஓட்டுகிறார்கள். சிமுலேட்டரில் அப்படிப்பட்ட ஓடுபாதைகளில் நடக்கும் விபத்துகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் என்ஜினைப் புரிந்துகொள்ள வேண்டும். கேரவனின் பி.டி.6 என்ஜினில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் ஒரு தண்டில் சுழல்கிறது, ப்ரொப்பெல்லரைச் சுற்றும் டர்பைன் வேறொரு தண்டில். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தொடர்பு சூடான வாயு மட்டும்தான். பவர் லீவரைத் தள்ளினால் முதலில் கம்ப்ரஸர் வேகம் பிடிக்க வேண்டும், பிறகுதான் இழுவிசை வரும். ஐடிலிலிருந்து (என்ஜின் குறைந்தபட்ச வேகத்தில் சுழலும் நிலை) முழு சக்திக்குப் போகச் சில நொடிகள் ஆகும். இறங்கும்போது லீவரை முழுக்கப் பின்னால் இழுத்தால் இன்னொன்றும் நடக்கும்: ப்ரொப்பெல்லரின் இலைகள் தட்டையாகி, காற்றுக்குக் குறுக்கே வைத்த தட்டு போல விமானத்தைப் பிடித்து நிறுத்தும். 172-இல் ஐடிலில் வைத்தால் மிதந்துகொண்டே போகும். கேரவன் 'தொபுக்'கென்று இறங்கும். பதறி லீவரைத் தள்ளினால் சக்தி வருவதற்குள் தரை வந்துவிடும். ஆகவே ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) முழுக்க இறக்கி, 75 முதல் 85 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில், கொஞ்சம் டார்க் (ப்ரொப்பெல்லரைத் திருப்பும் விசை) வைத்தபடியே சக்கரம் தரை தொடும் வரை வாருங்கள். குட்டை ஓடுபாதையென்றால் கண்டிஷன் லீவரை (எரிபொருளை விடவும் வெட்டவும், ஐடில் வேகத்தை மாற்றவும் உள்ள பிடி) 'ஹை ஐடில்' நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் ஏற்கெனவே வேகமாகச் சுழல்வதால் தாமதம் குறையும்.

ஸ்டார்ட் செய்வதில் நடக்கும் தவறு அவசரம். கன்ட்ரோல்-ஈ அழுத்தித் தானாக ஸ்டார்ட் செய்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. பேட்டரி 24 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டரைப் போட்டு, கம்ப்ரஸர் வேகத்தைக் காட்டும் என்ஜி 12 சதவீதத்தைத் தாண்டி நிலைத்த பிறகே கண்டிஷன் லீவரை 'லோ ஐடிலு'க்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்பே எரிபொருளை விட்டால், எரியும் வாயுவைக் குளிர்விக்கப் போதிய காற்று உள்ளே இருக்காது. டர்பைன் வெப்பம் எகிறும். கண் டர்பைன் வெப்பத்தைக் காட்டும் ஐடிடி முள்ளிலும், கை கண்டிஷன் லீவரிலும் இருக்கட்டும். பி.டி.6ஏ-114ஏ பொருத்திய பழைய கேரவனில் ஸ்டார்ட்டின்போது 1090 டிகிரி செல்சியஸ் வரை போகலாம், அதுவும் 2 நொடிக்கு மட்டுமே. வெப்பம் வரம்பை நோக்கி விரைந்தால் எரிபொருளை உடனே வெட்டிவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டு உள்ளே காற்றை ஓட்டுங்கள்.

ஓடுபாதையில் நின்று பவர் லீவரைக் கடைசி வரை தள்ளுவது பிஸ்டன் பழக்கம். இங்கே உங்கள் எல்லைக்கோடு டார்க் மீட்டரில் இருக்கிறது. ஈஎக்ஸின் 867 குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 1,900 சுழற்சியில் சுமார் 2,400 அடி-பவுண்டு டார்க். தாழ்வான இடத்தில் லீவர் முழுக்கப் போகும் முன்பே அந்தக் கோடு வந்துவிடும். உயரமான இடத்தில் டார்க் கோட்டை எட்டும் முன் ஐடிடி கோடு வரும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கே கை நிற்க வேண்டும். சிமுலேட்டரின் உதவி அமைப்புகளில் என்ஜின் அழுத்தச் சேதத்தை (வரம்பு மீறினால் என்ஜின் கெடும் வசதி) அணைத்து வைத்திருந்தால் இந்தப் பாடம் வரவே வராது. அதை இன்றே போட்டுவிடுங்கள். கூடவே தானியங்கி ரட்டரை (கால் மிதியால் இயக்கும் வால் சுக்கானைத் தானாகவே திருப்பும் உதவி) அணையுங்கள். சக்தி ஏறும்போது மூக்கு இடப்பக்கம் ஓடும். வலது கால் அதற்கு முன்பே தயாராக இருந்தால் போதும்.

எடையைப் பார்க்காமல் கிளம்புவது அடுத்தது. இரண்டு டேங்கும் நிறைந்தால் எரிபொருள் மட்டும் 2,200 பவுண்டுக்கு மேல். பறக்கும்போது மணிக்கு 400 பவுண்டு அளவில் எரியும். முக்கால் மணி நேரப் பயணத்துக்கு 800 பவுண்டு போதும், ரிசர்வும் அதிலேயே அடங்கும்.

இனி, எல்லோரும் மோதிக்கொள்ளும் லுக்லா. நேபாளத்தின் டென்சிங்-ஹிலாரி விமான நிலையம் 9,334 அடி உயரத்தில், 527 மீட்டர் ஓடுபாதையோடு, 11.7 சதவீதச் சரிவில் இருக்கிறது. கருவி 80 நாட் காட்டும்போது அந்த உயரத்தின் மெல்லிய காற்றில் உண்மை வேகம் சுமார் 92 நாட். நிறுத்தத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளரும் என்பதால், அதே 80 நாட்டுக்குக் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரம் வேண்டும். இங்கே ஏற்றம் உங்களுக்கு உதவும். ஆனால் அதே ஏற்றம் கண்ணை ஏமாற்றவும் செய்யும். மேலேறிப் போகும் ஓடுபாதையைப் பார்த்தால் நாம் மிக உயரத்தில் வருவதாகத் தோன்றும். அதை நம்பி இறக்கினால் ஓடுபாதையின் விளிம்புக்குக் கீழே மலைச்சுவரில் போய் மோதுவீர்கள். கண்ணை நம்பாமல், இறங்கும் வேகத்தையும் உயரத்தையும் எண்களால் பிடியுங்கள்.

அடுத்து ஃப்ளேர், அதாவது தரை தொடும் முன் மூக்கை உயர்த்துவது. 11.7 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 6.7 டிகிரி. 3 டிகிரி கோணத்தில் இறங்கி வருபவர் தரைக்கு இணையாக வர, மூக்கைப் பத்து டிகிரி அளவுக்கு மேலே திருப்ப வேண்டும். சமதளத்தில் அது மூன்றே டிகிரி. அந்தக் கூடுதல் திருப்பத்துக்கு வேகம் செலவாகும். 70 நாட்டில் தொங்கிக்கொண்டு வந்தால் திருப்பத்தின் நடுவே இறக்கை கைவிடும். சக்தியைக் குறைக்காமல் திருப்பி, சக்கரம் தொட்ட பிறகே லீவரை இழுங்கள். தொட்டதும் அங்கேயே பிரேக் போட்டு நிற்காதீர்கள், மேடேறி நிறுத்துமிடம் வரை போகச் சக்தி வேண்டும். ஓடுபாதை முடியும் இடத்தில் மலை இருப்பதால் திரும்ப எழுந்து போக வழியில்லை. இறங்குவதா திரும்புவதா என்பதை பள்ளத்தாக்கின் மேலேயே, திரும்ப இடம் இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

ரிவர்ஸ் (ப்ரொப்பெல்லர் விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும் நிலை) பற்றி ஒரு முன்வேலை. பல கன்ட்ரோலர்களில் த்ராட்டில் அச்சின் அடிப்புள்ளி ஐடிலோடு நின்றுவிடும். பீட்டா (ஐடிலுக்குக் கீழே, லீவரே இலைகளின் கோணத்தை மாற்றும் பகுதி), ரிவர்ஸ் இரண்டும் கிடைக்காது. அதற்கென ஒரு பொத்தானை ஒதுக்குங்கள். விசைப்பலகையில் எஃப்2-வை அழுத்திப் பிடித்தாலும் போகும். கண்டிஷன் லீவருக்கும் தனிக் கட்டளை ஒதுக்கியிருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள். விமானத்துக்கு விமானம் இது மாறும். கேரவனில் பறந்துகொண்டிருக்கும்போது பீட்டாவுக்குப் போவது தடை. பிலாட்டஸ் பிசி-6 போர்ட்டரில் செங்குத்தாக இறங்க அது அனுமதிக்கப்பட்ட உத்தி என்பதால், போர்ட்டரிலிருந்து வருபவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். சரளைக்கல் பாதையில் ரிவர்ஸை முழு நிறுத்தம் வரை பிடிக்க வேண்டாம். வேகம் குறையக் குறைய, முன்னால் கிளம்பும் தூசியும் கல்லும் ப்ரொப்பெல்லருக்கே திரும்பி வரும். அப்படிப்பட்ட பாதைகளில் இனர்ஷியல் செப்பரேட்டரை (என்ஜினுக்குள் போகும் காற்றிலிருந்து மண்ணைப் பிரிக்கும் அமைப்பு) 'பைபாஸு'க்கு மாற்றுங்கள். கொஞ்சம் டார்க் குறையும், ஆனால் மண் கம்ப்ரஸருக்குள் போகாது.

நிறுத்துமிடம் வந்ததும் என்ஜினை உடனே வெட்டாதீர்கள். ஐடிலில் ஐடிடி இறங்கி நிலைத்து ஒரு நிமிடம் ஆகட்டும். பிறகு ப்ரொப்பெல்லரை ஃபெதருக்குக் (இலைகள் காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பும் நிலை) கொண்டுபோய், கண்டிஷன் லீவரை 'கட் ஆஃப்' செய்யுங்கள்.