கொயில்ட் ரியூபிங்குக்குள் கேபிள்: இறக்குவதற்கு முன் தளர்வைப் பாருங்கள்

சென்ற மாதம் ஒமான் பாலைவனத்து எண்ணெய்க் கிணறு ஒன்றிலிருந்து மூதூர்த் தம்பி ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்கு அழைத்தார். "அண்ணை, மூவாயிரம் மீற்றரில் சிக்னல் போய்விட்டது. மேலே இருக்கிற இணைப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம்" என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: "முந்தைய வேலை முடிந்த பிறகு கேபிள் தளர்வைச் சரிசெய்தீர்களா?" மறுமுனையில் பேச்சே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் மேற்பார்வையாளர் இதே கேள்வியைக் கேட்டபோது நானும் வாயடைத்துத்தான் நின்றேன்.

திருகோணமலையில் எண்ணெய் என்றால் எல்லோருக்கும் பிரித்தானியர் கட்டிய சீனன்குடாத் தாங்கிகள்தான் நினைவுக்கு வரும். அவை சேமிப்பதற்கானவை. எண்ணெயோ எரிவாயுவோ எடுக்கும் கிணறு நம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. மன்னார்க் கடலில் 2011இல் கண்டுபிடித்த எரிவாயுவும் இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. ஆகவே கின்னியா, மூதூர், உப்புவெளிப் பிள்ளைகள் இந்தத் தொழிலை வளைகுடாவில் போய்த்தான் கற்கிறார்கள். நான் விட்ட பிழைகளையே அவர்களும் விடுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தலைக்கவசம், கையுறை, ஓ-வளையத்துக்குக் கிரீஸ் பூசுவது ஆகியவற்றை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

புதிதாக வருபவருக்கு ஒரு சிறு விளக்கம். கொயில்ட் ரியூபிங் என்பது பெரிய ரீலில் சுற்றிய, பல கிலோமீற்றர் நீளமான உருக்குக் குழாய். நடுவில் திருகு மூட்டுகள் கிடையாது. இன்ஜெக்டர் அதைச் சங்கிலிகளால் இறுகப் பிடித்து, அழுத்தத்தில் இருக்கும் கிணற்றுக்குள்ளேயே தள்ளும். சாதாரண வேலையில், அடியிலுள்ள கருவிக்குக் கட்டளை கொடுக்க அழுத்தத்தை மாற்றுவோம், பந்தைப் போடுவோம், அல்லது குழாயின் எடையை அதன்மேல் அமர்த்துவோம். குழாய்க்குள் மின்கேபிள் ஓடினால் நிலைமையே வேறு. வால்வைத் திறப்பதும், பேக்கரை (கிணற்றை இடையில் அடைக்கும் அடைப்பை) அமர்த்துவதும், சிக்கிய கருவியைக் கழற்றிவிடுவதும் மேலிருந்து கொடுக்கும் மின்கட்டளையால் நடக்கின்றன. அடியில் என்ன அழுத்தம், என்ன வெப்பம், கருவியில் எவ்வளவு பாரம் என்பது அந்த நொடியிலேயே திரையில் தெரியும். இத்தனையும் ஒரு கேபிளை நம்பியே இருக்கின்றன.

தளர்வு

தளர்வு என்பது குழாயின் நீளத்தைவிடக் கேபிளுக்கு இருக்கும் கூடுதல் நீளம். கேபிளும் குழாயும் ஒரே நீளம் என்று நினைப்பதுதான் எல்லாப் பிழைகளுக்கும் தாய்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு உப்புவெளி வீட்டு முற்றத்தில் ஒன்று செய்து காட்டுவேன். இருபது மீற்றர் தோட்டக் குழாயை நேராக நீட்டி, அதற்குள் நைலோன் கயிறு ஒன்றைக் கோத்து ஒரு முனையில் கட்டுவேன். பிறகு கட்டிய முனையிலிருந்து தொடங்கிக் குழாயைச் சிறிய மர உருளையில் சுற்றச் சொல்வேன். மறுமுனையில் ஒருவர் கயிற்றை மெல்ல இழுத்துப் பிடித்திருப்பார். சுற்றச் சுற்றக் கயிறு வளைவின் உட்சுவரோடு ஒட்டிக் குறுக்குவழி பிடிக்கும். மிஞ்சுவது வாயால் வெளியே வரும். சுற்றி முடியும்போது ஒரு முழத்துக்குமேல் தொங்கும். "மிச்சம்தானே, வெட்டுங்கள்" என்பேன். வெட்டுவார்கள். பிறகு குழாயை மறுபடி நேராக நீட்டச் சொல்வேன். வெட்டிய நுனி கண்முன்னே உள்ளே ஓடி மறைந்துவிடும். அதை விரல் விட்டுத் தேடாத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

கொயிலிலும் இதேதான் நடக்கிறது. இரண்டு அங்குலக் குழாயில், உட்சுவரோடு ஒட்டிய கேபிள் குழாயின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 17 மில்லிமீற்றர் விலகி இருக்கும். ரீலில் வளைவின் ஆரம் ஒன்றரை மீற்றர் அளவு. கணக்குப் போட்டால் நூறு மீற்றருக்கு ஒரு மீற்றருக்குமேல் வித்தியாசம் வரும். நாலாயிரம் மீற்றருக்கு அது நாற்பது மீற்றரைத் தாண்டும். கேபிள் முழுவதும் உட்சுவரோடு இறுகி இருந்தால், குழாய் கிணற்றுக்குள் நேராக நேராக அந்த நீளத்தைக் கேபிள் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். கிடைக்காவிட்டால் அடியிலுள்ள கேபிள் தலையைத்தான் (கேபிளைக் கருவியோடு கோக்கும் இணைப்பை) இழுக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பம்ப் செய்யும் திரவம் கேபிளை அடியை நோக்கி இழுத்துச் செல்லும். பல மணி நேரம் பம்ப் செய்தால் தளர்வு முழுவதும் கருவிக்கு மேலே வந்து குவியும். மடிந்து, முறுக்கேறி, காப்புறை வெடித்து, திரவம் போகும் வழியையும் அடைக்கும். மெல்லிய உலோக உறையிட்ட வழுவழுப்பான வயரைத் திரவம் அவ்வளவாக இழுக்காது என்பது உண்மை. ஆனால் வளைவின் கணக்கு அதற்கும் பொருந்தும்.

நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் வேலையில், அந்தக் கொயில் முந்தைய கிணற்றில் இரவு முழுவதும் அமிலம் பம்ப் செய்துவிட்டு வந்திருந்தது. கையளிப்புத் தாளில் "கேபிள் நன்று" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நானும் மின்தடையை அளக்கும் ஓம் மீற்றரை வைத்துப் பார்த்தேன். தொடர்ச்சி சரி, காப்புத்தடை சரி. இறக்கினேன். 2,800 மீற்றரில் பேக்கரை அமர்த்தக் கட்டளை கொடுக்கும் நேரத்தில் திரை வெறுமையானது. மேலே இழுத்து இணைப்பைக் கழற்றியபோது, கேபிள் தலையின் கூம்புக்குள் அறுந்த கவசக்கம்பிகள் நாலைந்து மட்டும் இருந்தன. கேபிள் பிடுங்கிக்கொண்டு குழாய்க்குள் மேலேறிப் போயிருந்தது. பம்ப் செய்து பார்த்தோம், வரவில்லை. குழாயைத் துண்டு துண்டாக அறுத்துத் தேடினோம். பதினெட்டு மீற்றர் குழாய் மணலில் கிடந்த பிறகுதான் நுனியைக் கண்டோம். கிணறு இரண்டு நாள் சும்மா நின்றது.

அந்த இரண்டு நாளைவிட "கேபிள் நன்று" என்ற வரிதான் இன்றும் என்னை எரிச்சல்படுத்துகிறது. அப்படி எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் மீற்றரைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் ஓம் மீற்றர் தளர்வைக் காட்டாது. இறுகி நிற்கும் கேபிளும், கூடுபோலக் குவிந்த கேபிளும் அறுபடும் நொடிவரை நல்ல அளவையே காட்டும்.

ஆகவே நீண்ட நேரம் பம்ப் செய்த ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கருவியைக் கழற்றுங்கள். ரீல் பக்கத்திலிருந்து வேகமாக நீரைச் செலுத்தி, எத்தனை மீற்றர் கேபிள் வாயால் வருகிறது என்று அளந்து எழுதுங்கள். ஒன்றுமே வராவிட்டால் கேபிள் குறைகிறது என்று பொருள். அந்த ரீலை இறக்காதீர்கள். அளவுக்கு மீறி வந்தால் மிகையானதை மட்டும் வெட்டுங்கள். என் முற்றத்துப் பிள்ளைகளைப்போல வாயில் தொங்குவதையெல்லாம் வெட்டிவிடாதீர்கள், அதில் வளைவுக்கு உரிய பங்கும் இருக்கிறது. வேண்டிய தளர்வை எதிர்த்திசையில் பம்ப் செய்து ரீலுக்குள் திருப்பி அனுப்புங்கள். பிறகு புதிதாகத் தலை கட்டி, இழுத்துச் சோதியுங்கள். குழாயில் எத்தனை மீற்றர் வெட்டினோம், கேபிளில் எத்தனை என்று ஒவ்வொரு ரீலுக்கும் தனிக் கொப்பி வையுங்கள். கையளிப்புத் தாளில் "நன்று" என்ற சொல்லுக்குப் பதிலாக ஓர் எண் இருக்க வேண்டும்.

மெகர்

மெகர் என்பது உயர் வோல்ட் கொடுத்துக் காப்புத்தடையை அளக்கும் கருவி. அடியில் கருவி கோத்திருக்கும்போது அதைப் போடாதீர்கள். அது கொடுக்கும் 500 வோல்ட், கேபிளின் காப்புறைக்கு ஒன்றும் செய்யாது, கருவிக்குள் இருக்கும் மின்னணுப் பலகையை எரித்துவிடும். வெடிகுழல் (கிணற்றுக் குழாயில் வெடிவைத்துத் துளையிடும் கருவி) கோத்திருந்தால் அந்தக் கேபிளின் பக்கமே மெகரைக் கொண்டுபோகக் கூடாது.

"கடைசியில் பந்து போடலாம்"

கவசக் கேபிள் ஓடும் குழாயில் பந்து அடிவரை போய்ச் சேரும் என்று எண்ணாதீர்கள். கருவி சிக்கினால் எப்படிக் கழற்றுவது, மின்சாரம் இல்லாமல் போனால் அடுத்த வழி என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகு இறக்குங்கள்.

ரீலின் எண்ணியை நம்புவது

மேலே உள்ள எண்ணும் கருவி காட்டுவது உள்ளே போன குழாயின் நீளம். கருவி நிற்கும் ஆழம் வேறு. குழாய் தன் எடையால் நீளும். கிடைக்கிணற்றில் தள்ளும்போது சுருள்போல நெளிந்து குறையும். கேபிள் இருக்கும்போது கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் குழாய்) மூட்டுகளைக் காட்டும் கருவியும் காமாக் கதிர்க் கருவியும் கூடவே போகின்றன. அவற்றைப் பழைய பதிவோடு ஒப்பிட்டு ஆழத்தைத் திருத்தாமல் பேக்கரை அமர்த்துபவரை நான் மன்னிக்க மாட்டேன்.

சிக்னல் தேடி மேலும் கீழும் ஆட்டுவது

ஒருமுறை இறக்கி ஏற்றினால் குழாய் ரீலிலும் வாத்துக்கழுத்திலும் (இன்ஜெக்டருக்கு மேலே குழாயை வழிநடத்தும் வளைவு) வளைவதும் நிமிர்வதுமாக மொத்தம் ஆறு தடவை உருமாறுகிறது. உள்ளே அழுத்தத்தை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் இருபது தடவை ஆட்டினால், அந்தச் சில மீற்றர் மற்றக் குழாய்க்கு முன்பே களைத்து வெடிக்கும்.

அமிலம்

அமிலம் ஓடிய குழாயையும் கேபிளையும் அன்றே கழுவுங்கள்.

மூதூர்த் தம்பி அன்றிரவு கருவியை மேலே எடுத்தார். கேபிள் அறுந்திருக்கவில்லை, கருவிக்கு மேலே குவிந்து மடிந்திருந்தது. நீர் செலுத்தியபோது முப்பத்தொரு மீற்றர் வெளியே வந்ததாகப் படம் அனுப்பினார். மணலில் வளையம் வளையமாகக் கிடந்தது, கரைவலை இழுத்து முடித்த கயிறுபோல. இப்போது ஒவ்வொரு வேலைக்கு முன்னும் அளந்த எண் ஒன்றை மட்டும் எனக்கு அனுப்புகிறார். அடுத்த வாரம் கின்னியாவிலிருந்து இரண்டு பிள்ளைகள் கத்தாருக்குப் புறப்படுகிறார்கள். ஞாயிறு காலை முற்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உருளையும் தோட்டக் குழாயும் கிணற்றடியில்தான் இருக்கின்றன. கயிறு மட்டும் புதிதாக வாங்க வேண்டும், பழையதை வெட்டி வெட்டி நீளம் போதாமல் போய்விட்டது.